இருபது வோல்ட் கேட்ட சிப்பு

பார்சலைப் பிரித்ததுமே கெருபோவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்? மண்டையை உடைத்துக்கொண்டு அவள் தேர்ந்தெடுத்த சிப்பு ஒன்று. உறைக்குள் வந்திருந்தது வேறொன்று.

"முவாங்காங்கி, என்ன இது?"

"சிப்பு."

"அது எனக்கும் தெரியுது. நான் சொன்னது இது இல்லியே."

"ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர். நீ கேட்டது ஸ்டாக் இல்ல. அதுக்காகக் காத்திருந்தா எல்லாரோட சாமானும் தள்ளிப்போயிருக்கும். அதான் இதைப் போட்டுட்டேன். நன்றி சொல்லணும்னா சொல்லலாம், நான் தடுக்கல."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நைரோபி லுத்துலி அவென்யூவில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் மாடி அறை அது. சனிக்கிழமை மத்தியானம் ஆனால் ஏழெட்டுப் பேர் சால்டரிங் இரும்பும் கையுமாக அங்கே கூடிவிடுவார்கள். பிழைப்பு வேறு, இந்த எலக்ட்ரானிக்ஸ் பைத்தியம் வேறு. தனித்தனியாக வரவழைத்தால் கட்டுப்படியாகாது என்று எல்லோருக்கும் வேண்டியதைச் சேர்த்து ஒரே பார்சலாகச் சீனாவிலிருந்து வரவழைப்பது அவர்கள் வழக்கம். ஆர்டர் போடுகிறவன் முவாங்காங்கி. இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறவன். நல்லவன்தான், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவான். ஆனால் அடுத்தவர் தலைக்குள் புகுந்து அவர்களுக்காகத் தானே முடிவெடுத்துவிடும் வியாதி அவனுக்கு உண்டு.

கெருபோ பள்ளியில் உயிரியல் டீச்சர். சின்ன வயதிலிருந்து ஆஸ்துமா. வீட்டில் மருந்தைப் புகையாக்கித் தரும் நெபுலைசர் ஒன்று வைத்திருந்தாள். பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுவது. அவள் குடியிருக்கும் உமோஜாவில் கரண்ட் எப்போது போகும் என்று கடவுளுக்கே தெரியாது. போன மழைக்காலத்தில் கரண்டும் போய், நெஞ்சும் அடைத்து, பக்கத்து வீட்டுக்காரர் டாக்ஸியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியதில்தான் பிழைத்தாள். மறுநாளே முடிவு செய்துவிட்டாள். நெபுலைசரைப் பவர் பேங்கில் ஓட்ட வேண்டும். அடுத்த மழைக்குள் ஓட்ட வேண்டும்.

யுஎஸ்பி-சி கம்பியைச் சும்மா சொருகினால் ஐந்து வோல்ட்தான் வரும். பன்னிரண்டு வேண்டுமென்றால் நடுவில் ஒரு சிப்பு உட்கார்ந்து சார்ஜரிடம் கேட்டு வாங்க வேண்டும். எவ்வளவு கேட்பது என்பதை அரிசிக் குருணை அளவு ரெசிஸ்டர் ஒன்று அந்தச் சிப்புக்குச் சொல்லும். அந்த ரெசிஸ்டர் விட்டுப்போனால்? கெருபோ தேர்ந்தெடுத்த சிப்பு ஐந்து வோல்ட்டோடு பேசாமல் இருந்துவிடும். முவாங்காங்கி வாங்கியது இருபது கேட்கும்! யாரும் எதுவும் சொல்லாவிட்டால் இருப்பதிலேயே பெரியதைக் கேட்கும் ஜாதி அது.

"ரெசிஸ்டர் விட்டுப்போனா என் மெஷின் கருகிடும். இதுக்காகத்தானே நான் அந்தச் சிப்பைச் சொன்னேன்?"

"ஏன் விட்டுப்போகுது? பத்த வச்சா நிக்கும். நீ எதுக்கெடுத்தாலும் சந்தேகப்பட்டா எப்படி?"

"மூச்சு முட்டுறது எனக்கா, உனக்கா?"

"ஐயோ, சண்டை வேணாம் பிள்ளைங்களா," என்று தேநீர்க் குடுவையோடு நடுவில் வந்தாள் நெகேசா. அந்தக் கூட்டத்திலேயே வயதில் மூத்தவள், வானொலி நிலையத்தில் வேலை. "முவாங்காங்கி, நீ பண்ணின கூத்துக்கு, இந்தச் சிப்பை வச்சு நீயே அவளுக்குப் போர்டைச் செஞ்சு குடு."

"செஞ்சுட்டாப் போச்சு. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டே தரேன். போதுமா டீச்சர்?"

கெருபோவுக்கு அரைமனசுதான். ஆனால் ஆகாயம் ஏற்கெனவே கறுக்கத் தொடங்கியிருந்தது. மறுபடி ஆர்டர் போட்டால் மழைக்குள் வராது. "செய். ஆனா நான் அளந்து பாக்காம என் மெஷின்ல சொருகக் கூடாது," என்றாள். தலையை ஆட்டினான். ஆட்டுவதில் அவனுக்கு என்ன குறை!

அடுத்த சனிக்கிழமை கெருபோ நெபுலைசரை மடியில் வைத்துக்கொண்டு மட்டாட்டு வேனில் வந்து இறங்கினாள். முவாங்காங்கி கடைவாய்ப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். போர்டில் தன் போன் சார்ஜரைச் சொருகினான். மீட்டரைத் திருப்பிக் காட்டினான். பன்னிரண்டு.

"வாரம் பூரா இதான். பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. குதிச்சேன், குலுக்கினேன், கட்டில்லேருந்து கீழ போட்டேன். அசைஞ்சுதா பாரு."

"எந்தச் சார்ஜர்ல பாத்த?"

"இதோ, இதுலதான்."

"இது ஒண்ணுலயா? இது அதிகபட்சம் எவ்வளவு தரும்?"

"பன்னிரண்டு. அதானே உனக்கு வேணும்?"

கெருபோவுக்குச் சுருக்கென்றது. "இருபது கேட்டாலும் இது பன்னிரண்டுதானே தரும்? அதுக்கு மேல இதுகிட்ட இல்லியே! உன் போர்டு என்ன கேக்குதுன்னு இதுல எப்படித் தெரியும்? இரு, இருபது தர்ற லேப்டாப் பவர் பேங்கை எடு. அளந்துட்டு..."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. கீழே ஜெராக்ஸ் மெஷின் ஊமையானது. தெருவிலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்து வந்தது.

"பாத்தியா, சாமியே சோதனை வைக்குது!" என்றான் முவாங்காங்கி. மேஜையில் கிடந்த லேப்டாப் பவர் பேங்கை எடுத்தான், போர்டில் சொருகினான், போர்டின் மறுமுனையை நெபுலைசரில் சொருகிச் சுவிட்சைத் தட்டினான். கெருபோ "டேய்!" என்று கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நெபுலைசர் கூவியது. அது எப்போதும் போடுகிற உறுமல் இல்லை, காதைக் கிழிக்கும் கூவல். பிறகு பட்டென்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் கருகும் நாற்றம். பிறகு ஒன்றுமில்லை.

நெகேசா கம்பியைப் பிடுங்கி எறிந்தாள். போன் வெளிச்சத்தில் போர்டைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். ரெசிஸ்டரின் ஒரு முனைதான் ஒட்டியிருந்தது. மறுமுனை மயிரிழை அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. "இது ஆரம்பத்துலேருந்தே ஒட்டல," என்றாள். "முதல் நாளே இது இருபதுதான் கேட்டிருக்கு. உன் சார்ஜர்கிட்ட இல்லாததால பன்னிரண்டு குடுத்திருக்கு."

முவாங்காங்கியின் முகத்தில் ஈயாடவில்லை. "நான் புதுசா வாங்கித் தரேன் கெருபோ. சத்தியமா. இன்னிக்கே."

"வாங்கித் தருவியா?" கெருபோ எழுந்தாள். வாயில் வந்ததையெல்லாம் கொட்டிவிடத்தான் எழுந்தாள். திமிர் பிடித்தவனே, உன் போர்டில் இடி விழ, நான் என்ன உனக்குச் சோதனை எலியா என்று ஒரு பாட்டு வைத்திருந்தாள். ஆனால் கருகின புகையும் கோபமும் சேர்ந்து நெஞ்சைப் பிடித்துவிட்டன. மூன்றாவது வார்த்தையிலேயே குரல் உடைந்து, மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தோள்கள் ஏறி ஏறி இறங்கின.

அறையில் யாரும் அசையவில்லை. இத்தனை வருஷமாக "எனக்கு ஆஸ்துமா" என்று அவள் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள். பார்த்ததில்லை. முவாங்காங்கி கைகளைப் பிசைந்துகொண்டு நின்றான். நெகேசாதான் அவள் பையைக் கவிழ்த்து நீல நிற இன்ஹேலரைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்து, சன்னலைத் திறந்துவிட்டாள். கெருபோ இழுத்தாள். அடக்கினாள். மறுபடி இழுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக விசில் இறங்கியது.

பேச முடிந்ததும் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. சிப்பை மாத்துறப்ப ஒரு மெசேஜ் போட்டு ஏன் என்னைக் கேக்கல?"

அவன் தரையைப் பார்த்தான். "கேட்டா... நீ வேணாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா," என்றாள் கெருபோ. "அதுக்குத்தான் கேக்கணும்."

வெளியே முதல் தூறல் தகரக் கூரைகளில் விழத் தொடங்கியது. கெருபோவின் கண் சன்னலுக்குப் போய்த் திரும்பி, மேஜையில் செத்துக் கிடந்த நெபுலைசரின் மேல் நின்றது. அந்தப் பார்வையை முவாங்காங்கி பார்த்தான். மளமளவென்று போனை எடுத்து, மருந்துக் கடை வைத்திருக்கும் தன் மச்சானைக் கூப்பிட்டான். "நெபுலைசர் இருக்கா? இருக்கா? எடுத்து வை, இப்பவே வரேன்," என்றவன், சட்டென்று நிறுத்திவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு கெருபோவிடம் திரும்பினான்.

"கெருபோ, ரெண்டு மாடல் இருக்காம்," என்றான். "எது வேணும் உனக்கு?"