நாக்குக்கு லீவு

எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறுவதற்கு முன் மாஸ்டர் செருப்பைக் கழற்றினாள், கைக்கடிகாரத்தைக் கழற்றினாள், கொண்டை ஊசிகளைக்கூட உருவித் தம்பியின் கையில் கொடுத்தாள். காற்றுக்கும் எடை உண்டோ என்னவோ என்ற சந்தேகத்தில் மூச்சையும் வெளியே விட்டுவிட்டு நின்றாள். நர்ஸ் எண்ணைப் பார்த்தாள், மாஸ்டரைப் பார்த்தாள், மறுபடியும் எண்ணைப் பார்த்தாள்.

"அதேதாங்க. போன தடவையும் அதே, அதுக்கு முந்தின தடவையும் அதே."

பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி அந்த எண் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

மாஸ்டர் என்றதும் பள்ளிக்கூடத்து மாஸ்டர் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணாடி பாட்டில் செய்யும் தொழிற்சாலையின் கேன்டீனில் அவள்தான் தலைமைச் சமையல்காரி. அவளுக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள், எல்லாரையும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். இவள் வந்ததும் பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரே தம்பி. அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரி நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறான், இயந்திரம் அவன் ரத்தத்தைக் கழுவிக் கழுவித் திருப்பி அனுப்புகிறது. அக்காவின் சிறுநீரகம் அவனுக்கு எல்லா வகையிலும் பொருந்துகிறது. எடை ஒன்றுதான் இடிக்கிறது. "அவரைக் காப்பாத்துறேன்னு உங்களை ஆபத்துல தள்ள முடியாது. சொன்ன எடைக்கு வாங்க, மறுநாளே ஆபரேஷனுக்கு நாள் குறிக்கிறேன்" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

முதலில் சரசரவென்றுதான் இறங்கியது. சர்க்கரைக்கு முழுக்குப் போட்டாள். வேலைக்குக் கிளம்புமுன் பூங்காவைச் சுற்றிச் சுற்றி நடந்தாள், நாய்கள்கூட அவளைப் பார்த்துக் குரைப்பதை விட்டுவிட்டன. லிப்ட் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. உடுப்பெல்லாம் தொளதொளவென்று ஆனது. அப்புறம் என்ன கோபமோ, உடம்பு அப்படியே நின்றுவிட்டது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பட்டினி கிடக்கிறவளுக்கு இது நடக்கலாமா, நீங்களே சொல்லுங்கள்.

நர்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "என்ன சாப்பிடுறீங்கன்னு எங்ககிட்ட ஒளிக்கக் கூடாது. ஒளிச்சா நஷ்டம் உங்க தம்பிக்குத்தான்."

மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் பொய் சொல்றேங்கறீங்களா? காலையில ஒரு அவிச்ச முட்டை. மத்தியானம் காய். ராத்திரி ஒரு கிண்ணம் தயிர். இதுக்கு மேல ஒரு பருக்கை இந்த வாய்க்குள்ள போனா நான் மனுஷியே இல்ல."

அவள் சொன்னது சத்தியம். அதாவது, அவள் நம்பிய சத்தியம்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் தம்பி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினான். "விட்டுடுக்கா. முழங்கால் வலிக்குதுன்னு எனக்குத் தெரியும். நீ இவ்வளவு பண்ணதே போதும். ஆஸ்பத்திரியில பேரு பதிஞ்சிருக்கோம்ல, வேற யாரோடதாவது வரும்."

"கையைக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுடா."

சட்டைக் கையை அவளே மேலே சுருட்டினாள். ஊசி குத்திக் குத்தி முன்கை முழுக்கப் புடைத்துக் கிடந்தது. இந்த நரம்பு இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் போன வாரம்தான் குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார்.

"இது இப்படி இருக்கு. நான் போதும்னு உக்காரணுமா? இனிமே அந்த வார்த்தையை என்கிட்ட எடுக்காத."

தம்பி சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டான்.

மறுநாளிலிருந்து இரவுத் தயிரையும் நிறுத்தினாள். பூங்காவில் இன்னும் கூடுதலாக நடந்தாள். ஒரு நாள் காலை நடந்துவிட்டு வந்தவள், வீட்டுக்கு ஏறும் மாடிப்படியின் பாதியிலேயே ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டில் ரொட்டி வாட்டும் வாசனை வந்தது. பசியும் ஆத்திரமும் சேர்ந்துகொள்ள, சுவரில் தலையை முட்டுக்கொடுத்துக்கொண்டு அழுதாள். தம்பி மேலேயே கோபம் வந்தது, அதை நினைத்ததும் தன் மேல் வந்தது. மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு எழுந்து மீதிப் படிகளையும் ஏறினாள். எண் இறங்குகிறதோ இல்லையோ, படி ஏறுவது அவள் கையில் இருந்த காரியம்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் தம்பி வீட்டுச் சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டான். அக்காவிடம் இருக்கும் சாவியை வாங்கக் கேன்டீனுக்கு வந்தான். மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய நேரம், அடுக்களையில் ஒரே அமளி. பின்வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு அவனை உட்கார வைத்துவிட்டு மாஸ்டர் அண்டாக்களுக்கு நடுவே போனாள்.

அவள் சமைக்கும் முறை தனி. எதையும் நுனிநாக்கால் தொட்டுப் பார்க்க மாட்டாள். தொண்டையில் இறங்கினால்தான் சாப்பிடுகிறவனுக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று தெரியும் என்பாள். அதனால் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தாள். மிளகு போட்டுவிட்டு மறுபடி குடித்தாள். கோழிக்கறியில் ஒரு துண்டை எடுத்து ஊதி ஊதி மென்றாள், எண்ணெய் மிதக்கும் குழம்பை உள்ளங்கையில் விட்டு உறிஞ்சினாள். பருப்பு, பொரித்த உருளைக்கிழங்கு, கடைசியாகப் பாலில் செய்த இனிப்பு. இனிப்புக்கு மட்டும் தலையை ஆட்டிவிட்டு இன்னொரு கரண்டி. யாரோடும் பேசாமல் கண்ணும் கருத்துமாக வேலையில் மூழ்கியிருந்தாள்.

சாவியோடு அவள் திரும்பி வந்தபோது தம்பி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தான். அவன் சிரித்துப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

"எதுக்குடா சிரிக்கிற?"

"இதை நர்ஸ்கிட்ட சொன்னியா?"

"எதை?"

"இப்போ குடிச்சியே, மென்னியே, நக்கினியே."

"அது வேலைடா," என்றாள் மாஸ்டர். கேள்வியே அவளுக்குப் புரியவில்லை. "ருசி பாக்குறது எங்கேயாவது சாப்பாட்டுல சேருமா?"

"அக்கா, எனக்கு அளந்துதானே தண்ணி. ஆரம்பத்துல தாகம் தாங்காம ஐஸ் கட்டியை எடுத்து எடுத்து வாயில போட்டுப்பேன். டயாலிசிஸுக்குப் போனா எடை எகிறி நிக்கும். ஒரு சொட்டுத் தண்ணி கூடுதலாக் குடிக்கலன்னு அதே நர்ஸ்கிட்ட அடிச்சுப் பேசினேன். ஏன்னா நான் குடிக்கல, சப்பினேன். எனக்கு அப்போ அது பொய்யாவே தெரியல." அவன் சிரிப்பு அடங்கியது. "உனக்கும் அதான்க்கா."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் இரவில் தயிரைத் தள்ளிவிட்டுப் பட்டினியாகப் படுத்தவள், பகலில் நின்ற நிலையிலேயே ஒரு பந்திச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நர்ஸின் முகத்துக்கு நேராகச் சத்தியம் வேறு பண்ணியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. கூடவே, திருடன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தெரிந்துவிட்ட நிம்மதியும் இருந்தது.

கண்டுபிடித்தது சுலபம், விடுவதுதான் பிராணசங்கடம். அவள் ருசி பார்க்காத அண்டா அந்தக் கேன்டீனில் ஒரு நாளும் பரிமாறப்பட்டதில்லை. 'மாஸ்டர் கை பட்டது' என்ற பெயர்தான் அவளுடைய சொத்து. அளவைக் குறைத்துப் பார்த்தாள். ஒரு சொட்டு என்று தொடங்கினால் கிண்ணத்தில் போய் நின்றது. கை அவள் பேச்சைக் கேட்கவில்லை, பழக்கத்தின் பேச்சைக் கேட்டது. கடைசியில் முகத்துக்கு ஒரு மாஸ்க் வாங்கி மாட்டிக்கொண்டு, ருசிக் கிண்ணத்தைத் தூக்கி ரேடியோவிடம் கொடுத்தாள்.

காய் நறுக்குகிற அம்மாள்தான் ரேடியோ. மாஸ்டரை விட வயதில் மூத்தவள். விடிந்ததிலிருந்து வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். ஆனால் ருசி என்று கேட்டால் மட்டும் அந்த ரேடியோவில் கரண்ட் போய்விடும்.

"எப்படி இருக்கு ரேடியோக்கா?"

"நல்லாருக்கு."

"உப்பு?"

"இருக்கு."

"எவ்வளவு இருக்கு?"

"இருக்க வேண்டியது இருக்கு மாஸ்டர். என்னைப் போட்டு ஏன் இந்தப் பாடு படுத்துறீங்க? எங்க வீட்டுல போட்டதைத் தின்னுட்டுக் கையைக் கழுவிடுவாங்க, ஒருத்தரும் இப்படிக் கேள்வி கேட்டதில்ல."

விளைவு என்ன? ஒரு நாள் சூப் கடல்தண்ணீர், மறுநாள் வெந்நீர். தட்டுகள் பாதி மிச்சத்தோடு திரும்பி வந்தன. மாஸ்டர் லீவா என்று அவள் காதுபடவே கேட்டார்கள். பரிமாறும் மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டு அதைக் கேட்டவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரே ஒரு கிண்ணம் குடித்தால் போதும், எல்லாவற்றையும் சரி செய்துவிடுவாள். மாஸ்க்குக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் தம்பிக்குத் தட்டு வைத்தாள். அவனுக்கென்று தனியாக, உப்பைக் கண்ணில் மட்டும் காட்டிச் சமைத்தது. அவன் முகம் சுளிக்காமல் சாப்பிட்டான்.

"உனக்கு நாக்கு செத்துப் போகலயாடா?"

"அது செத்து வருஷக்கணக்காச்சு," என்றான் அவன் சாதாரணமாக. "முதல்லதான் கஷ்டம். அப்புறம் உயிரோட இருக்கோமேன்னு சாப்பிட வேண்டியதுதான்."

மாஸ்டர் சமையல் மேடையைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். இவன் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் இத்தனை காலம் இதைத் தின்றிருக்கிறான். அவ்வளவு பெரிய தொழிற்சாலை கொஞ்ச காலம் சுமாரான சூப்பைக் குடித்தால் ஒன்றும் இடிந்து விழாது.

மறுநாள் சூளைப் பகுதி சூப்பர்வைசர் தட்டோடு நேராக மேடைக்கே வந்துவிட்டார். பின்னால் வரிசையில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாஸ்டர், கோவிச்சுக்காதீங்க. இதை நீங்களே ஒரு வாய் போட்டுப் பாருங்க."

கரண்டி அவள் முகத்துக்கு எதிரே நீட்டப்பட்டிருந்தது. கோழிக்கறியின் வாசனை மாஸ்க்கைத் தாண்டி உள்ளே வந்தது. அவளுக்கு வாயில் நீர் ஊறியது.

"மாட்டேன் சார்," என்றாள். "என் தம்பிக்கு நான் கிட்னி குடுக்கணும். எடை குறைஞ்சாத்தான் எடுப்பாங்க. அதுவரைக்கும் என் நாக்குக்கு லீவு. உப்பு வேணும்னா தரேன், திட்டணும்னா திட்டிக்குங்க. ருசி மட்டும் பாக்க மாட்டேன்."

சூப்பர்வைசர் கரண்டியை மெதுவாகத் தட்டில் வைத்தார். "உப்பு குடுங்க," என்று வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்து தட்டைக் காலி செய்தார். அதற்காக எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள் என்று எண்ண வேண்டாம். பரிதாபத்தில் யாருக்கும் வயிறு நிறைவதில்லை. திட்டு தொடரத்தான் செய்தது, ஆனால் இப்போது ரேடியோவுக்குப் போனது. அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. கிண்ணத்தை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "உப்பு முன்னால நிக்குது, காரம் பின்னால இருந்து தள்ளுது" என்று செய்தி வாசிக்க ஆரம்பித்தாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் மாஸ்டர் முதல் வேலையாக நர்ஸிடம் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். பிறகு செருப்பு, கடிகாரம், கொண்டை ஊசி. ஏறி நின்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"இறங்கியிருக்கு," என்றாள் நர்ஸ். "கொஞ்சந்தான். ஆனா இறங்கியிருக்கு."

மாஸ்டர் கண்ணைத் திறந்து எண்ணைப் பார்த்தாள். போக வேண்டிய தூரம் இன்னும் நிறைய இருந்தது. முழங்கால் இன்னும் வலித்தது, பசி இன்னும் இருந்தது, பூங்காவும் படிக்கட்டும் அப்படியேதான் இருந்தன. இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டாள்.

தம்பி கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். "ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் முதல்ல எதைக்கா சாப்பிடுவ?"

'முடிஞ்சா' என்று அவன் சொல்லவில்லை, 'முடிஞ்சு' என்றான். அதை அவள் கவனித்தாள்.

"சாப்பிடறது அப்புறம். முதல்ல உனக்குச் சமைப்பேன். டாக்டர் எவ்வளவு விடுறாரோ அவ்வளவு உப்பு போட்டு." கடைசி ஊசியைக் கொண்டையில் அழுத்திச் செருகினாள். "ருசி பாத்துட்டுத்தான் தட்டுல வைப்பேன்."