போரானைக் குளிப்பாட்டிய நாள்

பால் வாளியோடு பட்டிக்கு வெளியே வந்த செனெமின் மூக்கில் ரோஜா வாசனை அடித்தது. புழுக்கையும் புகையும் நாற வேண்டிய மலை மேய்ச்சலில், கல்யாணப் பெண்ணைக் குளிப்பாட்டிய ஹம்மாம் குளியல்கூடம் போல மணத்தது. ஓடைக்கரைப் பாறைமேல் அவளுடைய காவல் நாய் போரான், குளித்துச் சீவிப் பஞ்சுப் பொதியாக நின்றுகொண்டிருந்தது. கழுத்தில் இரும்பு முள்பட்டை இல்லை.

எதிரே மண்டியிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தவன் ஒல்ஜாய். அவள் கணவன் துர்சுனின் அக்காள் மகன், அங்காராக்காரன். ஏதோ போட்டிக்குக் கங்கால் நாயின் படம் வேண்டுமென்று முந்தின நாள் வந்து இறங்கியிருந்தான்.

"யோவ், யாரு பண்ணுன கூத்து இது?"

துர்சுன் பல்லைக் காட்டினான். "மருமவன்தான் ஷாம்பூ கொண்டாந்தான். பாரு, ராஜாவாட்டம் நிக்கிறான்ல?"

"பட்டையை எதுக்குக் கழட்டுன?"

"அந்த முள்ளு முகத்தை மறைக்குது அத்தை," என்றான் ஒல்ஜாய், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே. "கழுத்து மயிர் அழகா விழணும்."

"ஓநாய் கவ்வுனா கழுத்தே அழகா விழும்!"

"பட்டப்பகல்ல ஏது அத்தை ஓநாய்?"

செனெம் துர்சுனை முறைத்தாள். இவன் பட்டணத்துப் பிள்ளை, தெரியாது. துர்சுனுக்குத் தெரியாதா? குட்டியை மந்தையில் விடும்போதே ஆட்டுப் பாலும் புழுக்கையும் தேய்த்து விடுகிற ஆள்தானே அவன்? ஆற்றில் விழுந்து எழுந்த நாயைக்கூட, மந்தை வாடை திரும்பும்வரை தனியே கட்டிப் போடுகிற ஆள்தானே? காபிக்கடைச் சுவரில் தன் நாயின் படம் தொங்கும் என்றதும் புத்தி புல் மேயப் போய்விட்டது.

"நின்னது போதும், இப்ப ஓடி வரணும்," என்றான் ஒல்ஜாய். "மாமா, மந்தைக்கு அந்தப் பக்கம் போய்க் கூப்பிடுங்க. ஆட்டு நடுவுல பாய்ஞ்சு வரட்டும்."

"வேணாம்யா! ஆடு மிரளும்! இவன் கூடப் பொறந்த நாய்ங்க ரெண்டும் மேட்டுல படுத்திருக்கு, கண்ணு தெரியலையா?"

"சும்மா கெட," என்று சொல்லிவிட்டுப் போய், துர்சுன் விசில் அடித்தான்.

போரான் பாய்ந்தது. தினமும் அதன் வயிற்றில் தலை வைத்துத் தூங்கும் ஆடுகள், ரோஜா மணத்தோடு வந்த அந்நியனைக் கண்டு சிதறி ஓடின. மேட்டிலிருந்த இரண்டு நாய்களும் எழுந்தன. ஒரே மடியில் பால் குடித்தவைதான். ஆனால் மந்தையைக் கலைக்கிற வாசனைக்காரன் எவனோ, அவனை விடக் கூடாது என்பதுதான் அவற்றுக்குத் தெரிந்த வேலை. நேராகக் கழுத்துக்குப் போயின.

செனெம் பாலோடு வாளியை அவற்றின் மேல் வீசினாள். கம்பால் அடித்தாள், கத்தினாள். பின்னால் டக் டக் டக்கென்று கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"அதைப் போட்டுட்டு வாடா, பாவி!"

"ஒரு நிமிஷம் அத்தை! ஒரே நிமிஷம்!"

அந்த ஒரு நிமிஷத்தை அவள் சாகும்வரை மன்னிக்க மாட்டாள்.

தோளில் கிடந்த கம்பளி அங்கியை உருவிப் போரான் மேல் போர்த்தி, அதன் மேலேயே விழுந்தாள். அங்கியில் மந்தையின் நாற்றம் இருந்தது. மோந்து பார்த்த இரண்டும் விலகின. முள்பட்டை ஓடைக்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

போரானின் கழுத்துப் புண் ஆறியது. குரல் திரும்பவில்லை. போரான் குரைத்தால் ஓநாய் மலையைச் சுற்றிக்கொண்டு போகும் என்பார்கள். அந்தக் கோடையில் ஓநாய் சுற்றிக்கொண்டு போகவில்லை, உள்ளே வந்தது.

இலையுதிர் காலத்தில் மந்தை ஊருக்கு இறங்கிய பிறகு, ஒல்ஜாயின் படம் பரிசு வாங்கி வந்தது. காபிக்கடையில் கதவு அகலத்துக்கு அதை மாட்டினார்கள். ரத்தமும் பல்லும் பறக்கும் மயிருமாகப் போரான். எதிரே முகம் தெரியாமல் ஒரு முதுகு மட்டும். கீழே, 'ஓநாயை எதிர்க்கும் கங்கால்.'

அந்தக் கடைக்குள் பெண்கள் கால் வைத்ததில்லை. செனெம் கதவைத் தள்ளினாள், போரானையும் கூட்டிக்கொண்டு. படத்துக்குக் கீழே துர்சுன் ஊருக்கெல்லாம் தேநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒல்ஜாய்.

"ஏய், இங்க எதுக்கு வந்த?" என்று துர்சுன் எழுந்தான்.

"ஓநாயைப் பார்க்க வந்தேன். எங்கய்யா ஓநாய்? அது இவன் கூடப் பொறந்தவன் முதுகு. வெக்கமா இல்ல?"

"அத்தை, ஒரு படம்னா அதுல..." என்று ஒல்ஜாய் ஆரம்பித்தான்.

"வாயை மூடுடா." அவள் குனிந்து போரானின் தலையைத் தடவினாள். "குரைடா ராசா. எல்லாரும் கேக்கட்டும்."

போரான் காலை ஊன்றி, வாயைத் திறந்து, உடம்பு முழுக்கக் குலுங்கக் குரைத்தது. கிழிந்த துருத்தியிலிருந்து வருவது போலக் காற்றுதான் வந்தது. மறுபடியும் முயன்றது. ஒரு கிழவர் கையிலிருந்த தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

செனெம் நாற்காலியில் ஏறிப் படத்தைக் கழற்றிக் கணவன் மடியில் போட்டாள்.

"இனிமே பனி விழும், ஓநாய் ஊருக்குள்ள இறங்கும். பட்டிக்கு நீ போய்ப் படு. உன் மருமவனையும் கூட்டிக்க. ரெண்டு பேரும் விடிய விடிய உக்காந்து குரைங்க."