வளராத பிள்ளைகளுக்கான கூடுதல் ஒதுக்கீடு

தாராவியில் தமிழ்வழி மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் நாலாம் வகுப்புப் படித்த இசக்கி, ஆறு ஆண்டுகள் ஒன்பது வயதிலேயே இருந்தாள். அவள் மட்டுமல்ல, வகுப்பில் பாதிக்கு மேல் அப்படித்தான். காரணம் பங்குனி உத்திரம். அடுத்த ஆண்டுச் செலவை மதிப்பிடுவதற்காக அரசு அலுவலர் தலை எண்ண வரும் நாள் அது என்று தலைமையாசிரியை பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் அன்றைக்குச் சாஸ்தா கோயிலில் இல்லாமல் இருந்ததில்லை. "சாமி வருசத்துக்கு ஒரு நாளுதான் டீச்சர் கூப்பிடுது, ஆபீசர் இன்னொரு நாளு வரட்டும்" என்று சொல்லிவிட்டு, இசக்கியின் அம்மா மாரிசெல்வி பிள்ளைகளோடு தாதரில் ரயிலேறினாள். அலுவலர் இன்னொரு நாள் வரவில்லை. அன்று வகுப்பில் இருந்தது பதினொரு பிள்ளைகள். அந்தப் பதினொரு பேருக்கு மட்டும் அடுத்த ஆண்டு ஒதுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு அந்த ஆண்டு நடக்கவில்லை.

முதலில் யாருக்கும் தெரியவில்லை. இசக்கிக்கு ஆடிக்கொண்டிருந்த முன்பல் தீபாவளி கழிந்தும் ஆடிக்கொண்டே இருந்தது. நகம் வெட்ட வேண்டியிருக்கவில்லை. பாடம் பாதிப் புத்தகம் வரை ஏறியது, அதற்கு மேல் தங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் யூனிபார்ம் செலவு மிச்சம் என்று பொறாமைப்பட்டார்கள். பிறகு ஒருவர் தன் மகனைத் தனியார் பள்ளிக்கு மாற்ற, ஒரே வாரத்தில் அவனுக்குச் செருப்பு பத்தாமல் போனது. பள்ளிப் பதிவிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் பிள்ளை வளரத் தொடங்கும் என்பது அப்படித்தான் தெரியவந்தது. முடிந்தவர்கள் எடுத்தார்கள். தோல் பை தைக்கும் இசக்கியின் அப்பா ராஜபாண்டியும் மகளின் பெயரை எடுத்துவிடச் சொன்னார். தனியார் பள்ளிக்குக் கட்டப் பணமில்லை, பள்ளியே இல்லாவிட்டால் என்ன, வளரட்டும் என்றார். மாரிசெல்வி கேட்கவில்லை. துணிப் பட்டறையில் காஜா போட்டுப் போட்டுக் கண் மங்கியவள் அவள். மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு எண்ணம் இல்லை.

அடுத்த மார்ச்சில் யாரும் ஊருக்குப் போகவில்லை. பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்துச் சீவி வகுப்பில் உட்கார வைத்தார்கள். அலுவலர் எண்ணினார். ஆனால் வளராத பிள்ளைக்குப் போன ஆண்டின் பெஞ்சே போதும், புதுத் தேவை ஏதும் எழவில்லை என்று மதிப்பீடு வந்தது. அதற்கடுத்த ஆண்டும் அதே வரிகள் வந்தன.

மாதுங்காவில் பத்மஜா என்ற அம்மாள் இருந்தார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பள்ளிகளின் நிதிக்காக மனுப் போடும் அமைப்பை நடத்திவந்தார். நல்லவர். இசக்கியைக் கண்டதும் அழுதார். அதன் பிறகு ஒவ்வொரு பட்ஜெட்டுக்கு முன்னும் கிங்ஸ் சர்க்கிள் அருகே ஒரு கூடத்தில் இசக்கியைச் சுவரோடு நிறுத்தி, போன ஆண்டு போட்ட கோட்டுக்கு நேராக அவள் தலை நிற்பதைப் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டினார்கள். அறிக்கைக்குப் பழைய புகைப்படமே போதுமானதாக இருந்தது. ஒருமுறை ஒரு நிருபர் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு இசக்கி, "பல்லு விழணும்" என்றாள். அந்த வாக்கியத்தை மராத்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டார்கள். அந்தப் பங்குனி உத்திரத்தில் இன்னும் பள்ளியில் சேர்ந்திராத தம்பி ஹரி அவளைத் தாண்டி ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டான். அக்கா என்பதை விட்டு "ஏட்டி" என்று கூப்பிடத் தொடங்கினான், அவளும் அதற்குத் திரும்பினாள்.

நாலாம் ஆண்டில் மாரிசெல்வி தளர்ந்தாள். பெயரை எடுத்துவிடலாம் என்று பத்மஜாவிடம் போய்ச் சொன்னாள்.

"மத்தவா எல்லாரும் எடுத்துட்டா. இவளையும் எடுத்துட்டேள்னா காட்டறதுக்குக் குழந்தையே இருக்காது, கேஸ் நிக்காது. இன்னும் ஒரே ஒரு பட்ஜெட் பொறுத்துக்கோங்கோ" என்றார் பத்மஜா.

"கிடைக்குமா மேடம்?"

"விட்டுப்போன அத்தனை வருஷமும் கிடைக்கும். எழுதி வாங்கித் தரேன்."

மாரிசெல்வி பொறுத்தாள். இரண்டு பட்ஜெட் ஆனது.

பத்மஜா சொன்னபடியே வாங்கித் தந்தார். துணை மதிப்பீட்டில் கூடுதல் ஒதுக்கீடு வந்தது, நிலுவை முழுவதும் ஒரே தவணையில். ஆணை வந்த காலை பள்ளியில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்கள். தலைமையாசிரியை அதைப் படித்து முடிக்கும் முன்பே இசக்கிக்கு ஆறு ஆண்டுகளும் வந்து சேர்ந்தன. எலும்பு நெறிபடும் சத்தம் பின்வரிசை வரை கேட்டது. பல் விழுந்து வேறு பல் முளைத்தது. தையல் விட்டுப்போன சட்டையின் மேல் மாரிசெல்வி தன் சேலை முந்தானையைப் போர்த்தினாள். பிள்ளைகள் லட்டைக் கையில் வைத்தபடி பார்த்தார்கள். பத்மஜா புத்தகம் ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பதினைந்து வயதுப் பெண்ணின் குரலில் இசக்கி நாலாம் வகுப்புப் பாடத்தின் பாதியைப் படித்து, போன வாரம் நிறுத்திய இடத்தில் நிறுத்தினாள். ஒதுக்கீட்டில் வயது இருந்தது, பாடம் இல்லை.

பிறகு தலைமையாசிரியை பதிவேட்டைத் திறந்தார். இலவசக் கல்வி பதினாலு வயது வரைதான். தன் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பெயரை அடித்தார்.

"ஆறு வருசம் வச்சிருந்தீயளே டீச்சர்" என்றாள் மாரிசெல்வி.

"அப்போ அவளுக்கு ஒன்பது வயசும்மா."

பத்மஜாவின் அமைப்பு அதைத் தன் பெரிய வெற்றியாக அறிக்கையில் எழுதியது. அதில் பொய் ஏதும் இல்லை.

இசக்கி இப்போது அம்மா வேலை செய்யும் பட்டறையில் பட்டன் தைக்கிறாள். கை சுறுசுறுப்பு என்று முதலாளி மன்சூர் அலி சொல்கிறார். சாப்பாட்டு நேரத்தில் பட்டறைக் கதவோரம் அம்மா மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்வாள், விரல் வாயில் இருக்கும். இடம் சின்னது. கால்கள் வாசலுக்கு வெளியே சந்தின் குறுக்கே நீண்டு கிடக்கும். மூட்டை தூக்கிப் போகிறவர்கள் குனிந்து பார்க்காமலே அவற்றைத் தாண்டிப் போகிறார்கள்.