முதல் தறிக்குப் பொட்டு

ஹேமாவதியின் டப்பாவில் சோற்றை அடைத்த கமலா, வேண்டுமென்றே குழம்பு ஊற்றாமல் மூடினாள். வயிற்றெரிச்சல்தான், வேறென்ன? கொழுந்தன் செத்ததும், "அவ வயித்த அவளே பாத்துக்கட்டும்" என்று கமலாவின் புருஷன் பஞ்சாட்சரம் தம்பி பெண்டாட்டி ஹேமாவதியைத் தறி செய்யும் பட்டறைக்கு அனுப்பினான். நீலச் சட்டையும் பூட்ஸுமாக அவள் ஷேர் ஆட்டோ ஏறுகிறாள். பன்னிரண்டாவது பாஸான கமலா அவளுக்குச் சோறு கட்டுகிறாள்!

"இன்னிக்கு நாங்க செஞ்ச மொத தறி வெளிய போவுதுக்கா" என்றாள் ஹேமாவதி. அவள் நகக்கண்ணில் கிரீஸ். அந்த அழுக்கின்மேல்கூடக் கமலாவுக்குப் பொறாமை.

அவள் போனதும் பஞ்சாட்சரம் சொன்னான்: "நீயும் பொறப்படு. தறிக்கு சுமங்கலிதான் பொட்டு வெக்கணுமாம். மொதலாளி சம்சாரம் ஊர்ல இல்லியாம்."

கமலாவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

வெளியூர்ப் பழைய தறிகளைத் தட்டிக்கொட்டி ஓட்டிய வட்டாரம் இது. இப்போது புதுத்தறியே செய்தாயிற்று. பட்டறை வாசலில் பொதட்டூர்பேட்டை நெசவுக்காரர்கள் லாரியோடு காத்திருந்தார்கள்.

"இனிமே மெஷினுக்கு எவன்கிட்டயும் கை ஏந்த வாணாம்!" என்று முழங்கிய முதலாளி சிங்காரம், ஹேமாவதியிடம் குரலைத் தாழ்த்தினார். "நீ கொஞ்சம் அப்பால நில்லும்மா. நல்ல காரியம் நடக்குது."

நாடு முன்னேறுகிறதாம். தறியைப் பூட்டிய கை மட்டும் ஆகாதாம்.

கமலா பொட்டு வைத்துச் சூடம் காட்டினாள். ஹேமாவதியின் முகம் வாடியிருக்கும் என்று ஆசையோடு திரும்பினாள். அவளோ அடுத்த தறியின்மேல் குனிந்து, பக்கத்தில் நின்றவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப சந்தோஷம், வூட்டுக்குப் போய்ட்டு வாம்மா" என்று சிங்காரம் ஒரு புடவையை நீட்டினார். கமலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொடவ வாணாங்க. எனக்கும் இங்க ஒரு வேல குடுங்க."

பஞ்சாட்சரத்தின் முகம் கறுத்தது. "இன்னாடி பேசற? நான் உசுரோடதானே கீறேன்?"

"அப்போ நீ செத்தாதான் எனக்கு வேலயா?"

சிங்காரம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தறி கிளம்பும் வேளையில் அபசகுனம்! "வேற சுமங்கலி யாரையாவது கூப்டு, இன்னொரு சூடம் காட்டச் சொல்லு!"

கூப்பிட ஆளில்லை. அங்கே வேலை பார்க்கும் பெண்களில் ஒருத்தி கழுத்திலும் தாலி இல்லை.