பாதத்தில் ஒரு துடிப்பு

அப்பாவின் வலது பாதம் என் மடியில் கிடக்கிறது, அதன் மேற்புறத்தில் இரண்டு விரல்களை வைத்துத் துடிப்பைத் தேடுகிறேன், கட்டைவிரலை வைக்காத பாப்பா, அதுக்கே ஒரு துடிப்பு உண்டு, உன்னை ஏமாத்திரும் என்கிறார் நர்ஸ் அக்கா, தொடையின் ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பிய அன்று சொன்னது இன்றும் காதருகே கேட்கிறது, அன்று துடிப்பு இருந்தது, தோலுக்கடியில் மீன்குஞ்சு முட்டுவது போல, ரத்தத்தை இளக்குற மாத்திரை, ஒருநாளும் விட்ராதீங்க, விட்டா குழாய் அடைச்சுக்கும் என்றார் டாக்டர், அப்பா தலையாட்டினார், பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டில் இருந்த நான்தான் காலையில் மாத்திரையும் தண்ணீரும் கொடுப்பேன், சவரக்கத்தி லேசாகக் கீறினாலும் துண்டு நனையும்வரை ரத்தம் நிற்காது, அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருப்பார் அப்பா.

பங்குனி உத்திரம் நெருங்குகிறது, வருஷம் தவறாமல் கன்னத்தில் அலகு குத்துகிறவர் அவர், விரதம் சுத்தமாக இருந்தால் ரத்தம் வராது என்பார்கள் எங்கள் ஊரில், போன வருஷம் செல்லமுத்து மாமாவுக்குத் தாடை வழிய ஒழுகியது, ஏனுங் மாப்ள, விரதத்துல கோழியா ஆடா என்று கேட்டுக் கூட்டத்தையே சிரிக்க வைத்தது அப்பாதான், இந்த வருஷம் வேண்டாமுங்க, சாமி கோவிச்சுக்காது என்கிறாள் அம்மா, சாமி கோவிச்சுக்காது, செல்லமுத்து விடுவானா என்கிறார் அப்பா, உத்திரத்தன்று அலகு ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளிவருகிறது, ஒரு சொட்டு இல்லை, அப்பாவின் கண்கள் கூட்டத்தில் செல்லமுத்து மாமாவைத் தேடுகின்றன, எனக்கும் பெருமையாக இருக்கிறது, கோயில் வாசல் வருமுன் வலது கால் மரத்து, வெளுத்து, அப்படியே தெருவில் உட்கார்ந்துவிடுகிறார், வாயில் அலகு, கத்தவும் முடியவில்லை, மறுநாள் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றப்போன அம்மா தூரில் மாத்திரைகளைக் கண்டாள், நாக்குக்கடியில் ஒதுக்கித் துப்பியவை, விரதம் தொடங்கிய நாளிலிருந்து.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாதம் என் மடியில் கிடக்கிறது, மழைக்காலத்துத் தரை போலச் சில்லென்று, அடைப்பை எடுத்துப் பார்த்தார்கள், திரும்ப அடைத்துக்கொண்டது, விடிந்தால் முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிடுவார்கள், துடிப்பு வந்துட்டா எடுக்கமாட்டாங்கல்ல கண்ணு, நல்லாப் பாரு, துடிக்குதா என்கிறார் அப்பா, இரண்டு விரல்களும் எங்கெங்கோ தேடி நிற்கின்றன, அவற்றை எடுத்துவிட்டுக் கட்டைவிரலை வைக்கிறேன், அழுத்துகிறேன், மீன்குஞ்சு முட்டுகிறது, துடிக்குதுங்கப்பா என்கிறேன், அவர் கண்களை மூடிக்கொள்கிறார், என் ரத்தம் மட்டும் அந்தக் குளிர்ந்த தோலைத் தட்டிக்கொண்டே இருக்கிறது.