பட்டியலில் சேராத நாய்

தள்ளுபடி ஆகமத்து நாய் போதகரைக் கடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆராதனை முடிந்த சற்று நேரத்தில். வெயில் சுமார். முட்டை விலை ஏறியிருந்த வாரம் அது. கடித்தது புத்தகம் தைக்கிற பைண்டர் வீட்டு நாய் என்பதிலோ, அது ஒரு பழைய நூலிலிருந்து இறங்கி வந்தது என்பதிலோ தெருவில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அந்த நூல் வேதமா இல்லையா என்பதில்தான் தகராறு.

தகராறு பைண்டரின் கல்யாணப் பேச்சிலேயே தொடங்கிவிட்டது. அவருடைய கத்தோலிக்கக் கோயிலில் வாசிக்கிற விவிலியத்தில் எழுபத்து மூன்று நூல்கள். அவர் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டதோ போதகரின் ஒரே மகளை. அந்தச் சபையின் வேதாகமத்தில் அறுபத்தாறுதான். மிச்சம் ஏழையும் இவர்கள் இணைத்திருமுறை என்பார்கள், அவர்கள் தள்ளுபடி ஆகமம் என்பார்கள். சாப்பாடு, செலவு, தேதி எல்லாம் மளமளவென்று பேசி முடிந்தன. புது வீட்டு மேசையில் எந்த வேதம் இருப்பது என்பதில் மட்டும் பொழுது சாய்ந்துவிட்டது. பைண்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தன் வீட்டு விவிலியத்திலிருந்து அந்த ஏழையும் தானே எடுத்துவிடுவதாகச் சொல்லி எழுந்தார். பெண்ணின் மேல் அவ்வளவு ஆசை. ஏழும் நடுவில் ஒரே கட்டாக இருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது. நூலைத் தளர்த்தி, கட்டை உருவி, மறுபடி தைத்துப் பசை போட்டார். தடவிப் பார்த்தாலும் தெரியாது. ஆனால் தைத்த தாளைக் குப்பையில் போட எந்த பைண்டருக்கும் கை வராது. உருவியதற்கும் ஒரு காக்கி அட்டை கட்டி, பீரோவில் மனைவியின் கல்யாணத் துணிகளுக்கு அடியில் வைத்தார். அங்கேதான் பிசகினார்.

விஷயம் போதகர் காதுக்குப் போனது. எரித்துவிடச் சொன்னார். "எடுன்னீங்க, எடுத்துட்டேன் மாமா. எரிக்க மட்டும் சொல்லாதீங்க" என்றார் பைண்டர். அன்றிலிருந்து மாமனார் அந்த வாசலை மிதிக்கவில்லை. பைண்டர் கோயிலின் பங்குத்தந்தையோ ஏழையும் எடுத்ததே தப்பு என்று பைண்டரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு பெரிய மனிதர்களுக்கும் நடுவில் நொந்துபோனவள் மகள்தான். வாரம் ஒருமுறை பிரசங்க மேடைக்குக் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பதோடு அவளுக்கு அப்பா முடிந்துவிட்டார். ஒரே ஒரு தடவை வந்து, என் கையால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் போதும் என்று பசை காய்ச்சும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

மூன்றாம் வருஷம் ஒரு காலையில் பீரோ கதவு தானாகத் திறந்து நாய் வெளியே வந்தது. காலெல்லாம் புழுதி. உடம்பில் பசை வாடையும் ஆற்று மீன் வாடையும். பைண்டருக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த ஏழில் தோபித்து என்ற நூலில், ஆற்றில் பெரிய மீன் பிடிபடும் கதையில், ஒரு நாய் வரும். தோபித்தின் மகன் தூர ஊருக்குக் கிளம்பும்போது பின்னால் போகும், அவன் திரும்பும்போது கூடவே வரும்; அதைத் தவிர அதற்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இங்கேயும் அதையே செய்தது. வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் பின்னால் போய், அவரோடுதான் திரும்பியது. பிணங்கிக்கொண்டு கிளம்பிய தண்ணீர் கேன்காரர்கூட ஒரு மணி நேரத்தில் நாயோடு வந்து நின்றார், ஏன் வந்தோம் என்று தெரியாமல்.

பங்குத்தந்தைக்குப் பரம சந்தோஷம். ஆனால் நாய் அவருடைய புதுச் செருப்பைக் குதறியபோது, வேதத்தில் உள்ளதை எப்படி எட்டி உதைப்பது என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். போதகரின் சபையாருக்கு வேறு கஷ்டம். நாயைச் சுற்றிக்கொண்டு நடப்பார்கள், கேட்டால் நாயே இல்லை என்பார்கள். அப்படி ஒரு நாய் கிடையாது என்று போதகர் அந்த ஞாயிறு உருக்கமாகப் பிரசங்கித்தார். சொன்ன சொல் மாறாதவர். வெளியே வந்தவர் குனிந்து பார்க்காமல் நடந்து, மகளுக்குப் பின்னால் வந்திருந்த அதன் வாலை மிதித்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் காயத்தைக் கழுவிவிட்டு எந்த நாய் என்று கேட்டாள். போதகர் பல் தடத்தை மட்டும் காட்டினார். ஊசி மருந்து தீர்ந்துபோயிருந்தது. "மருந்து வர்ற வரைக்கும் அந்த நாய் நல்லா இருக்கான்னு தினமும் போய்ப் பாருங்க. அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களுக்கும் சிக்கல்தான்" என்றாள்.

மறுநாள் மாலை போதகர் மகள் வீட்டு வாசலில் நின்றார்.

"அது இருக்கா?"

"எதுப்பா?"

"கடிச்சது."

"உள்ள வந்து பாருங்க" என்றாள் மகள். தண்ணீர் எடுக்க ஓடினாள்.

பைண்டர் தாள்களை ஒதுக்கி நாற்காலி போட்டார். போதகர் நாயின் கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார். மறுநாளும் வந்தார். நாய் சோர்ந்து படுத்திருந்த ஒரு நாள் பதறிப்போய், இதன் சுபாவமே இப்படியா என்று தெரிய வேண்டும் என்று காக்கி அட்டையைக் கேட்டு வாங்கினார். ஒரே மூச்சில் முடித்துவிட்டு, "படிக்கலாம் மாப்பிள்ளை. நல்லாத்தான் இருக்கு. ஆனா வேதம் இல்ல" என்றார். இதைக் கேள்விப்பட்ட பங்குத்தந்தை அங்கேயே வந்து வேதம்தான் என்று வாதாடினார். மகள் இருவருக்கும் பிஸ்கட் வைத்தாள்.

மருந்து வந்தது, நாயும் நன்றாக இருந்தது. இனி வர வேலையில்லை என்று போதகர் எழுந்தபோது மகள் அழுதேவிட்டாள். நாய் அவர் பின்னால் போனது. மறுநாள் மாலை இருவரும் வந்தார்கள். "இதை விட்டுட்டுப் போக வந்தேன்" என்றார். அடுத்த பதினெட்டு வருஷமும் அதையேதான் சொன்னார். ஏழையும் மறுபடி சேர்த்துத் தைக்கட்டுமா என்று பைண்டர் ஒருமுறை கேட்டார். நடுவில் என்றார் பங்குத்தந்தை. கடைசியில், வரைபடங்களுக்கும் பின்னால் என்றார் போதகர். பைண்டர் ஊசியை வைத்துவிட்டு, இரண்டு புத்தகங்களையும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து நிறுத்தினார்.

போதகர் இறந்தபோது நாய் பெட்டிக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம் வரை போனது. வழக்கம்போல மாலையில் திரும்பியது, வழக்கம்போல அவரோடு. கொஞ்சம் மெலிந்திருந்தார். மகள் தண்ணீர் கொண்டுவந்தாள்.

பைண்டர் ஆவலை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "மாமா, அங்க வேதத்துல மொத்தம் எத்தனை நூல்னு கேட்டீங்களா?"

"கேக்கணும்னுதான் போனேன்" என்றார் போதகர். "அவங்க வாசல்லயே நாய் எப்படி இருக்குன்னு கேட்டாங்க. அதச் சொல்லிட்டிருந்ததுல நேரம் ஆயிடுச்சு."

இன்றும் மாலை வேளைகளில் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவதில்லை. அன்று கல்லறைத் தோட்டத்தில் அவரைப் பார்க்க வருகிற கூட்டம் அதிகம்.