அரம் ஏற்றிய சுதி

கிழக்கே பெருநிலக்கரை மலைகளின் பின்னிருந்து கதிரவன் எழுந்து, இடையே கிடந்த நீரிணையைப் பொன்னாக்கி, துறையில் நங்கூரமிட்ட கப்பல்களின் பாய்மரங்களையும் புகைபோக்கிகளையும் ஒருங்கே தொட்டு, சுமை தூக்குவோரின் வெற்றுத் தோள்களில் வந்து தங்கும் காலைப் பொழுதில் பினாங்கு மாநகர் விழித்தெழும் அழகைக் கண்டவர், பிறிதொரு நகரைப் புகழக் கூசுவர். சூலியா தெருவில் கடைப்பலகைகள் கழற்றும் ஓசையும், தொழுது மீள்வோரின் பேச்சும், இழுவண்டிக்காரரின் கூவலும் கலந்து வானளவும் எழுந்துகொண்டிருக்க, கடற்கரையை அடுத்த விடுதியொன்றின் மாடியறை மட்டும் பலகணிகள் அடைக்கப்பட்டு, இடுக்குகளில் கம்பளி திணிக்கப்பட்டு, காற்றும் புகாமல் புழுங்கிக் கிடந்தது. வெள்ளையர் ஒருவர், பாட்டை மெழுகுத் தட்டில் பதிக்கும் பொறியைக் கப்பலில் கொணர்ந்து அங்கே நிறுவியிருந்தார்.

பொறியின் நீண்ட குழல்வாய்க்கு முன்னே பட்டுச் சட்டையணிந்து நின்றவன் இராயப்பன். இரங்கூன் முதல் சிங்கப்பூர் வரை ஊர் ஊராய்ச் சுற்றும் நாடகக் குழுவின் முதற்பாடகன். அவன் அருகே ஆர்மோனியப் பெட்டியை மடியணைத்து அமர்ந்திருந்தவன் சீனி முகம்மது. இருவரையும் இணைபிரியாத் தோழர் என்றே உலகம் நம்பிற்று. உலகம் எதைத்தான் நம்பவில்லை!

வாசகரே, சீனி முகம்மதுவின் உள்ளத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். அவனுக்கு மீரா சாகிப் என்றொரு தம்பி இருந்தான். அதே குழுவில் இராயப்பனுக்கு நிகராகப் பாடி, நாளுக்கு நாள் அவனை மிஞ்சியும் வந்தான். ஈப்போ நகரில், சீனி முகம்மது நோயுற்றுப் படுத்திருந்த மாலையொன்றில், தம்பியும் காய்ச்சலோடு மேடையேறினான். "சுதிய ஒரு கட்டை இறக்குங்க" என்று அவன் கெஞ்ச, இராயப்பனோ தன் கையாளை ஆர்மோனியப் பெட்டியில் அமர்த்தி ஒரு கட்டை ஏற்றச் செய்தான். மகனை இழந்த மன்னன் புலம்பும் பாட்டின் உச்சியில் மீரா சாகிபின் குரல் இரண்டாய்ப் பிளந்தது. அவையோர் ஊளையிட்டனர், பழத்தோலை வீசினர். அன்றோடு அந்தத் தொண்டை போயிற்று. பினாங்கிலேயே ஆயர் ஈத்தாம் சந்தையருகே சோற்றுக்கடை வைத்து, வந்தவரை விருந்தோம்பவும் குரலின்றிக் கையசைத்தே அவன் காலம் கழித்தான்.

தம்பியின் பகைவனோடு அண்ணன் ஏன் இன்னும் ஊர் சுற்றுகிறான் என்று உறவினர் காறி உமிழ்ந்தனர். சீனி முகம்மதுவின் கணக்கோ வேறு. மேடையில் ஒருவன் குரல் உடைந்தால் மறுநாளே ஊர் மறந்துவிடும். மெழுகில் உடைந்தால் அவன் பேரப்பிள்ளைகளும் கேட்டு நாணுவர். அந்த நாளுக்காகவே அவன் சிரித்துக்கொண்டு காத்திருந்தான். இசைத்தட்டுப் பதிவென்று செய்தி வந்ததும், ஓசை மிகுந்த புதுப்பெட்டியொன்றைத் தேர்ந்து, அதன் பித்தளை நாக்குகளை ஒவ்வொன்றாய்க் கழற்றி, நுண்ணிய அரத்தால் நுனியைச் சீவிச் சீவி, எல்லாச் சுரமும் ஒரு கட்டை ஏறி ஒலிக்கும்படி செய்துவைத்தான். அரம் தேய்க்கும்போதெல்லாம் அவன் பற்களும் தேய்ந்தன.

இராயப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஐயத்தோடு பார்த்தான்.

"என்ன பாய், சுதி இன்னிக்கு ரொம்ப இறுக்குதே?"

"எப்பவும் பாடற கட்டைதான் தம்பி, விரல் எங்க இருக்குன்னு நீங்களே பாருங்க. காத்தில்லாத அறைலா, அதான் தொண்டை அடைக்குது."

விரல் வழக்கமான கட்டையின் மேல்தான் இருந்தது. வெள்ளையர் கையசைத்தார், மெழுகு சுழன்றது, இனி நிறுத்தலாகாது. அதே புலம்பல் பாட்டு. அடிக்கு அடி இராயப்பனின் கழுத்து நரம்பு புடைத்தெழ, நெற்றி வியர்வை கண்ணில் இறங்க, அவன் ஓரக்கண்ணால் இரந்தான். சீனி முகம்மது துருத்தியை இன்னும் அழுத்தினான். "ஒரு சொல் சொல்லாயோ" என்னும் உச்சியில் குரல் நடுவே அறுந்து, ஒரு கணம் வெறுங்காற்றாகி, மீண்டும் ஒட்டிக்கொண்டது. சீனி முகம்மதுவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அத்தகைய இன்பத்தை அவன் தன் திருமண நாளிலும் அறிந்ததில்லை. இன்னொரு முறை பாடுவதாக இராயப்பன் மன்றாடியும், தமிழறியாத வெள்ளையர் ஓசை நன்கு பதிந்ததென்று மகிழ்ந்து தட்டைப் பெட்டியிலிட்டுப் பூட்டிவிட்டார்.

திங்கள் பல கழிந்து இசைத்தட்டுகள் கப்பலேறி வந்தன. ஊர் எள்ளி நகையாடுவதைக் கண்குளிரக் காண்பதற்கென்றே சீனி முகம்மது சூலியா தெரு இசைத்தட்டுக் கடைமுன் போய் நின்றான். பாட்டு ஓடிற்று, குரல் உடைந்தது. எவரும் சிரிக்கவில்லை. துறைமுகக் கூலியொருவன் தலைத்துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினான்.

"உசிரே போவுதுலா அந்த எடத்துல! பெத்தவன் அழுவுற மாதிரியே இருக்கு. மறுபடி வைங்கண்ணே!"

தோட்டந்தோறும் நகர்தோறும் அந்தத் தட்டே ஓடிற்று. போகுமிடமெல்லாம் மக்கள் அந்த உடைவையே கேட்டனர். இராயப்பனும் கெட்டிக்காரன், தாழ்ந்த சுதியிலேயே, தொண்டை நோகாமல், வேண்டும்போது குரலை உடைத்துக் காட்டப் பழகிக்கொண்டான். அவன் உடைக்கும் இடத்தில் துருத்தியை மெல்லத் தளர்த்தி அழகூட்டும் வேலை சீனி முகம்மதுவின் தலையில் விழுந்தது. மாலைகள் இராயப்பன் கழுத்தில் விழுந்தன.

வயிறெரிந்தவனாய்ச் சீனி முகம்மது ஆயர் ஈத்தாமுக்குச் சென்று, அரம் பிடித்த கதையைத் தம்பியிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். பிற்பகல் வேளை, கடையில் ஆளில்லை. மீரா சாகிப் இலைகளைத் துடைத்து அடுக்கியபடியே கேட்டான். கேட்டு முடித்ததும், காற்றும் கரகரப்புமாய் எஞ்சியிருந்த குரலில் சொன்னான்:

"எனக்கும் அதே எடத்துலதான் அண்ணே ஒடஞ்சுச்சு. ஊளையிட்டானுங்க. அவனுக்கு ஒடஞ்சா அழுவுறானுங்க. நீங்க அவன் தொண்டையக் கெடுக்கல. எந் தொண்டைய எடுத்து அவனுக்குக் குடுத்துட்டீங்க."

பகைவனின் தொண்டையை அளந்தவன், கேட்போர் நெஞ்சை அளக்க மறந்தான். ஒருவன் உடைந்தால் நகைப்பதும், மற்றொருவன் உடைந்தால் உருகுவதும் உலகோர் இயல்பு. அவ்வியல்புக்குக் கணக்கு எழுதிவைத்தவர் எவருமில்லை. சீனி முகம்மது தம்பியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்று மாலை நகரில் நாடகம் இருந்தது. அவன் எழுந்து, சொல்லிக்கொள்ளாமலே, இராயப்பனுக்குப் பெட்டி வாசிக்கப் போனான்.